சண்டி போட்ட ஓட்டு

சைக்கிள் சக்கரத்தில் காற்றடிக்கிற இடத்தில் வால் டியூப் என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அதைப் பிடுங்கிவிட்டால் சைக்கிள் வெறும் இரும்பு. ஓட்டுப் போடுகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் சந்தில் இருந்த நாற்பத்து மூன்று சைக்கிளிலும் அதைப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு போனார்கள். என் சைக்கிளை நானாகவே வெளியே தள்ளி நிறுத்திக் கொடுத்தேன். சொல்லக் கசக்கிறது. ஆனால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வந்தவள் என்னைப் பற்றியும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. சாயப்பட்டறை முதலாளி தேர்தலில் நின்றார். எங்கள் சந்து முழுக்க அவர் பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள். பூத்து கால்வாய்க்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில், ஏழு கிலோமீட்டர். அன்றைக்குப் பஸ் கிடையாது, மோட்டார் வண்டி எதுவும் ரோட்டில் ஓடக் கூடாது என்று உத்தரவு. அனுமதிச் சீட்டு ஒட்டின முதலாளியின் லாரி மட்டும் ஓடலாம். சைக்கிளை முடக்கிவிட்டால் சந்தே முடங்கிவிடும்.

டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் பக்கத்து வீட்டுச் சண்டியின் கொழுந்தன். பின்னால் பட்டறை மேஸ்திரியும் ஆறு தடியன்களும். டீக்கடைக்காரர் தன் சைக்கிளைப் பெஞ்சுக்கு அடியில் படுக்கவைத்து மேலே சாக்குப் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்கள். "வலிக்குது, வலிக்குதுய்யா" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். தோளில் எலும்பு நழுவின சத்தம் எனக்கே கேட்டது. அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. கொதித்த பால் அடுப்பில் பொங்கி வழிந்தது, அணைக்க ஆள் இல்லை.

மேஸ்திரி நடுச்சந்தில் நின்று சொன்னான்: "நாளைக்கு ஒருத்தரும் பூத்துப் பக்கம் வர வேண்டாம். வேலை இருக்கு, வேலையப் பாருங்க. உங்க ஓட்ட நாங்களே பத்திரமாப் போட்டுடுவோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து கையப் பாப்போம். மை இருக்கற விரல் கையில இருக்காது."

கடைசியாகச் சண்டி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சண்டி என்பது நாங்கள் வைத்த பெயர். ஒன்று வேண்டாம் என்று நினைத்துவிட்டாளானால் நான்கு பேர் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டாள். சாயத் தொட்டியில் எனக்கு எதிர்க்கோல் அவள்தான். ஒரு கோலில் கழி என்கிற நூல் கட்டு பத்தை மாட்டி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற சாயத்தில் நாள் முழுக்கப் புரட்டுவோம். எங்கள் இருவர் கையும் முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

"அண்ணி, அந்தச் சைக்கிளும்" என்றான் கொழுந்தன்.

"அது செத்தவன் சைக்கிள்டா."

"செத்தவன் சைக்கிளும் ஓடும்ல."

"புடுங்கிக்கோ. உங்க அண்ணன் சோத்துல வளந்த கை. நல்லாத்தான் புடுங்குது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பிடுங்கினான். மேஸ்திரி தெருவிலிருந்தே கத்தினான். "என்னடா அங்க கொஞ்சல்?" கொழுந்தன் அவசரமாக டின்னை மூடினான். அவன் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

செத்தவன் அவளுடைய தம்பி. பதினோரு மாதத்துக்கு முன்னால் செத்தான். நூலை அவிக்கிற ஆவித் தொட்டி ஒன்று பட்டறையில் உண்டு, ஆள் உயரத்துக்கு மேல், இரும்பு மூடி போட்டது. அடியில் படிந்த அழுக்கைச் சுரண்ட அவன் உள்ளே இறங்கியிருந்தான். அவசர ஆர்டர். மேஸ்திரி மூடியைத் தள்ளிவிட்டு "ஆவியத் திற" என்று கத்தினான். பாய்லர்காரர் திறந்தார். பாய்லர்காரர் யார் என்றால் சண்டியின் புருஷன். உள்ளே மைத்துனன் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. பாய்லர் கொட்டகையிலிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது. அவன் குடித்துவிட்டு உள்ளே தூங்கிப்போனான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்தது. குடிக்கிற பழக்கமே இல்லாத பையன்.

டின் வந்து போன அன்றைக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நான் போறேன்" என்றாள்.

"போகாத."

"போறேன்."

"அந்த ஒரு ஓட்டுல அவன் தோத்துடுவானா? சொல்லு. தோத்துடுவானா?"

"தோக்க மாட்டான். அது எனக்குத் தெரியாதா?"

"பின்ன என்ன வீம்பு இது?"

தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் பேசினாள், மெதுவாக. "என் தம்பி செத்தப்ப எல்லாரும் எங்கிட்டச் சொன்னாங்கய்யா. குடிச்சிருந்தான்னு சொன்னாங்க. தலையெழுத்துன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போடுன்னு சொன்னாங்க. எவனாவது எங்கிட்டக் கேட்டானா? இந்த ஆளப் பத்தி உனக்கு என்னடி தோணுதுன்னு ஒருத்தன் வாயத் திறந்து கேட்டானா? அந்த ஓட்டுச் சீட்டு ஒண்ணுதான் கேக்குது. இவன் வேணுமா, வேணாமான்னு. நான் வேணாம்னு சொல்லணும். என் கையால சொல்லணும். அவ்வளவுதான்."

"திறன்னு சொன்னான், திறந்தேன்" என்றார் பாய்லர்காரர்.

"உன்னச் சொல்லல."

"சொல்லேன். ஒரு தடவை சொல்லிட்டா நல்லாருக்கும்."

"சொல்ல மாட்டேன். சாப்பிடு."

அவர் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. "விரல வெட்டிடுவாங்க" என்றார்.

"மை இருந்தாத்தானே வெட்டுவாங்க? ஏய்யா, நாம சாயப்பட்டறைக்காரங்களா, இல்ல மிட்டாய்க்கடைக்காரங்களா? எந்தச் சாயம்யா ஹைட்ரோஸ்ல நின்னிருக்கு?"

ஹைட்ரோஸ் என்பது ஒரு வெள்ளைப் பொடி. மூக்கைத் துளைக்கிற நாற்றம். சாயம் தப்பாக ஏறின நூலைச் சுடுதண்ணீரில் ஹைட்ரோஸ் கலந்து முக்கினால், எப்பேர்ப்பட்ட கருநீலமும் கண் எதிரே வெளுத்துப் பிறந்தமேனிக்கு வந்துவிடும். கல்யாணம், திருவிழா என்றால் நாங்கள் கை கழுவுவதும் அதில்தான். பத்து வருஷத்தில் ஹைட்ரோஸுக்கு அடங்காத நிறத்தை நாங்கள் பார்த்ததில்லை. அதனால் அவள் சொன்னதைக் கேட்டபோது, அட, ஆமாம், இது நமக்குத் தோன்றவில்லையே என்றுதான் நினைத்தேன். பாய்லர்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "அது சரி" என்றார். அதற்கப்புறம் சோறு பிசைகிற சத்தம் கேட்டது.

விடிகிற நேரத்தில் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். போனேன். தம்பியின் சைக்கிள் தலைகீழாக நின்றது. டியூபை உருவி எறிந்துவிட்டு, டயருக்குள் கழிவு நூலைத் திணித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பின பாய்லர்காரர் பட்டறைக் கழிவுக் குவியலிலிருந்து ஒரு சாக்கு அள்ளிக்கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாராம்.

"அக்கா, முறுக்கிக் குடு. நல்லா இறுக்கமா."

நூலைக் கயிறு மாதிரி முறுக்கி முறுக்கிக் கொடுத்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாம் கலந்த நூல். அவள் கரண்டிக் காம்பால் டயருக்குள் குத்திக் குத்தி இறக்கினாள். பத்து இடத்தில் கம்பி போட்டு டயரை ரிம்மோடு கட்டினோம். அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி இருந்தது.

"உட்காந்தா இடுப்பு கழண்டுடும்டி" என்றேன்.

"கழண்டா அதையும் நூல் போட்டுக் கட்டு. நீயும் வாயேன்க்கா. கேரியர் இருக்கு."

"எனக்கு ஷிப்ட் இருக்கு" என்றேன்.

அவள் ஒரு பொட்டலம் ஹைட்ரோஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தலையில் துணியைப் போட்டு முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் கழிவுநீர் ஓடுகிற வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு வாய்க்காலில் ஊதா ஓடியது. அவளுக்குக் காய்ச்சல் என்று நான் போய் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

இனி நடந்ததெல்லாம் அவள் எனக்குச் சொன்னது.

கால்வாயைத் தாண்ட இரண்டு வழி. பெரிய பாலம், அப்புறம் ஒரு மைல் தள்ளி மதகு மேல் போகிற ஒற்றைப் பாலம், சைக்கிள் ஒன்று போகலாம். பெரிய பாலத்தில் கூட்டம் தெரிந்தது. பக்கத்துத் தெருத் தச்சன் நடந்தே கிளம்பி வந்திருக்கிறான். அவனை நாலு பேர் சைக்கிள் செயினால் அடித்தார்கள். அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறமும் அடித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தானாம். சட்டை நிறம் மாறுகிற வரைக்கும் அவள் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். "தொட்டியில ஏத்தற மாதிரி ஏறிச்சுக்கா" என்றாள்.

ஒற்றைப் பாலத்துக்குத் திரும்பினாள். அங்கே காவல் ஒருத்தன்தான். கொழுந்தன். கையில் கருங்காலித் தடி.

"அண்ணி, திரும்பிப் போங்க."

"வழிய விடு."

"வெளையாடாதீங்க. மத்தவன் எவனாவது இருந்தா இந்நேரம் மண்டை பொளந்திருக்கும்."

"நீ பொளக்க மாட்டியா? பொளந்து பாரேன்."

அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். வேகமாக இல்லை. நூல் டயரில் வேகம் ஏது. அவன் ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி, முன்சக்கரக் கம்பிகளுக்குள் தடியைச் செருகிவிட்டான். சைக்கிள் அப்படியே தூக்கி எறிந்தது. பாலத்துக் கல்லில் வாய் போய் மோதியது. ஒரு பல் அங்கேயே விழுந்தது, இன்னொன்று ஆடியது. அவள் எழுந்திருப்பதற்குள் அவன் சக்கரத்தின் மேல் ஏறி மிதித்தான். ரிம் வளைந்தது.

"இப்பப் போங்க. நடந்து வீட்டுக்குப் போங்க. அண்ணனுக்காகச் சொல்றேன்."

சண்டி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கினாள். தினமும் ஈர நூல் தூக்குகிற கை அது. பின்சக்கரத்தோடு சுற்றி அவன் முழங்காலில் அடித்தாள். பெடல் இரும்பு உள்ளே இறங்கியது. அவன் "அம்மா" என்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தடியை எட்டி எடுத்து அவள் முதுகில் ஒன்று போட்டான். அவள் மறுபடியும் அதே முழங்காலில் அடித்தாள். தடி கால்வாயில் விழுந்து மிதந்து போனது.

"யார்கிட்டயாவது சொல்லுவியா?" என்று கேட்டாளாம்.

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எப்படி அண்ணி சொல்லுவேன்? ஒரு பொம்பள அடிச்சிட்டுப் போயிட்டான்னா? நாண்டுக்கிட்டுச் சாகறதுதான். ஆனா சாயங்காலம் கையப் பாப்பாங்க. அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"கையில ஒண்ணும் இருக்காது. நீ போய்க் காலுக்குக் கட்டுப் போடு."

முன்சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கவையில் உரசி நின்று நின்று போனது. உரசுகிற இடம் வரும்போது எழுந்து நின்று மிதித்தாள். அப்படியே மூன்று கிலோமீட்டர். கழிவு நூல் டயரிலிருந்து பிரிந்து சிவப்பும் பச்சையுமாகப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்ததாம்.

பள்ளிக்கூட வாசலில் முதலாளியின் லாரி நின்றது. அதிலிருந்து இறங்கின பெண்கள், எங்கிருந்தோ ஏற்றிவந்தவர்கள், வரிசையாக நின்றார்கள். எங்கள் சந்துப் பெண்களின் பெயரில் ஓட்டுப் போட வந்தவர்கள் அவர்கள்தான். வாசலில் இருந்த ஏஜெண்டுகளும் வெளியூர் ஆட்கள், ஒருத்தருக்கும் எங்கள் முகம் தெரியாது. சண்டி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, துணியை இழுத்து மூடிக்கொண்டு, அந்த வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

"வாயில என்ன?" என்று ஏஜெண்ட் கேட்டான்.

"லாரியில ஏறும்போது விழுந்துட்டேன்."

"எந்த நம்பரு?"

தன் நம்பரையே சொன்னாள். சீட்டு எடுத்துக் கொடுத்தான். முன்னால் நின்ற குண்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்து, "உனக்கு எந்தப் பேரு குடுத்தாங்க?" என்றாள். சண்டி தன் பெயரைச் சொன்னாள்.

"ஐயோ, அதுவா? அத எனக்குக் குடுக்கறதா இருந்தாங்க. அவ பெரிய சண்டைக்காரியாமே. நான்தான் வேணாம்னுட்டேன்."

"எனக்குப் பழகிடுச்சு" என்றாளாம் சண்டி. இதைச் சொல்லும்போது அந்த உடைந்த வாயோடு சிரித்தாள். "அக்கா, என் பேர்ல நானே கள்ள ஓட்டுப் போட்டேன்க்கா!"

அந்தப் பெண்மணி நல்லவள்தான். மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து நீட்டியிருக்கிறாள். "விரல்ல தேச்சுக்கோ. மை ஒட்டாது. நாங்க எல்லாம் தேச்சிருக்கோம், இன்னும் ரெண்டு சுத்து வரணும்ல."

இங்கேதான் எங்கள் ஜாதகமே திரும்பியது. அந்த மெழுகை வாங்கி ஒரு தடவை தேய்த்திருந்தால் போதும். சண்டி அதைக் கையால் தள்ளினாள். "எனக்கு வேணாம். என்கிட்ட ஹைட்ரோஸ் இருக்கு" என்றாள். பத்து வருஷம் தொட்டியில் நின்றவளுக்கு மெழுகுவர்த்தி என்ன பெரிய வித்தை? நான் அங்கே இருந்திருந்தால் நானும் தள்ளித்தான் இருப்பேன்.

அதிகாரி இடது கை ஆட்காட்டி விரலில் நகத்துக்கும் தோலுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். மறைப்புக்குள்ளே போய் நின்றாள். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள். முதலாளியின் சின்னத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே எதிர்த்து நின்றவனின் கட்டத்தில் குத்தினாள். அந்த ஆள் யார், நல்லவனா கெட்டவனா ஒன்றும் தெரியாது. மடித்துப் பெட்டியில் போட்டாள். "தம்பிகிட்டப் பேசின மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். பாய்லர்காரர் டீ நேரத்துக்கு என்று சொல்லிவிட்டு ஓடிவந்திருந்தார். அடுப்பில் தண்ணீர் தயாராகக் கொதித்தது. அவள் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்கி, விரலை உள்ளே விட்டாள். அவள் கையில் இருந்த பழைய ஊதாக்கறை நொடியில் போனது. விரலை வெளியே எடுத்தாள்.

மை போகவில்லை. காலையில் ஊதாவாக இருந்தது இப்போது கரியாக இருந்தது.

"சூடு பத்தல" என்றாள். இன்னும் கொதிக்கவைத்து, இன்னொரு பிடி போட்டு, மறுபடி விட்டாள். இன்னும் கறுத்தது. எங்கள் மூன்று பேரின் முகமும் அந்தப் பாத்திரத்தின் மேல்தான் இருந்தது. எங்கள் தொழிலில் இப்படி ஒன்றை நாங்கள் கண்டதே இல்லை. வெளுக்கிற மருந்தில் கறுக்கிற சாயம்!

"காஸ்டிக் சோடா போடு" என்றார் பாய்லர்காரர். போட்டோம். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, கறுப்பு போகவில்லை. செங்கல் தூளால் தேய்த்தோம். பிளேடால் சுரண்டினோம். நான்தான் சுரண்டினேன். ரத்தம் வந்தது. ரத்தத்தைத் துடைத்தால் அடியில் கறுப்பு அப்படியே இருந்தது.

"மணி என்ன?" என்றாள்.

"நாலரை."

பாய்லர்காரர் எழுந்தார். கரண்டியை எடுத்து அடுப்புத் தணலில் வைத்தார். அது சிவக்கிற வரைக்கும் நின்றார்.

"ஆவி பட்டுருச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவர் உதடு கோணிக்கொண்டது. "வெட்டறதுக்கு இது தேவல."

"வை" என்றாள்.

"என்னால முடியல."

"யோவ், வைய்யா. நேரமாகுது."

வைத்தார். நான் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் என் துணியைக் கடித்தாள். தோல் கருகின நாற்றம் வீடு முழுக்க நிறைந்தது. முடிந்ததும் அவர் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். துணி சுற்றிக் கட்டினேன். அவர் அழுதுகொண்டே பட்டறைக்கு ஓடினார்.

ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்தான். நாலு பேர் ஒரு அண்டாவைத் தூக்கிவந்து டீக்கடை முன்னால் வைத்தார்கள். அண்டா நிறைய ஹைட்ரோஸ். எல்லாருடைய கையும் சாயக் கறையாக இருக்கும் அல்லவா, அது போனால்தானே மை தெரியும். "ஆபீசர்கிட்டயே கேட்டுட்டேன்" என்று மேஸ்திரி சிரித்தான். "சாயம் போயிடும், மை போகாது." அவன் கேட்டிருக்கிறான். நாங்கள்தான் கேட்கவில்லை.

சந்து முழுக்க வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராகக் கையை முக்கினோம். கலந்தவனுக்கு அளவு தெரியாது. கை எரிந்தது. டீக்கடைக்காரரால் ஒரு கையைத் தூக்க முடியவில்லை. அவர் கையை ஒருத்தன் பிடித்து இழுத்து முக்கினான். என் கை வெள்ளைவெளேர் என்று வந்தது. "நல்ல கை" என்று மேஸ்திரி தட்டிக்கொடுத்தான். அந்த இடம் இன்னும் எனக்குக் கூசுகிறது.

சண்டியின் முறை. "என்ன கட்டு?"

"ஆவி பட்டுருச்சு."

"காய்ச்சல்னு சொல்லி வேலைக்கே வரலையே நீ. ஆவி எங்கருந்து வந்துச்சு?"

அந்தப் பொய்யைச் சொன்னது நான். இந்தப் பொய்யையும் அதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் புத்தி இல்லாமல் போனது. அவன் கட்டை உருவினான். தோல் அதோடு வந்தது. நகத்தைச் சுற்றி, சூடு எட்டாத மடிப்பில், கறுப்பு பளிச்சென்று இருந்தது.

மேஸ்திரி கொழுந்தன் பக்கம் திரும்பினான். கொழுந்தன் காலை இழுத்துக்கொண்டு நின்றான். "மதகுல வழுக்கி விழுந்தேன்னு சொன்னேல்ல? யார் வழுக்கிவிட்டா?" கேட்டுக்கொண்டே அந்த முழங்காலிலேயே உதைத்தான். கொழுந்தன் தரையில் உருண்டான். மேஸ்திரி நூல் கழி அறுக்கிற கத்தியை அவன் முன்னால் போட்டான். "நீயே வெட்டு. இல்லன்னா உன் கை."

அப்போதுதான் பாய்லர்காரர் வந்தார். பாய்லரில் தீ கிளறுகிற நீளக் கம்பி கையில் இருந்தது, நுனி இன்னும் சூடாக. நேராக வந்து மேஸ்திரியின் கழுத்தெலும்பில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்குவதற்குள் ஆறு பேரும் அவர் மேல் விழுந்தார்கள். விலாவில் உதைத்தார்கள், முகத்தில் உதைத்தார்கள். கீழே விழுந்த பிறகு ஒருத்தன் அவர் காதைச் செருப்புக்காலால் நசுக்கிக்கொண்டே நின்றான். நாங்கள் அறுபது பேர் இருந்தோம். வெளுத்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம்.

மேஸ்திரி தொங்கின கையைப் பிடித்துக்கொண்டு "வெட்டுடா" என்று அலறினான்.

சண்டியே போய் டீக்கடைப் பெஞ்சில் கையை வைத்தாள்.

"அண்ணி, கண்ண மூடிக்கங்க" என்றான் கொழுந்தன். அவனுக்கு மூக்கு ஒழுகியது.

"நான் மூடினா மூடறேன். நீ மூடிடாத. பாத்து வெட்டு, பக்கத்து விரலும் போயிடப் போகுது."

ஒரே வெட்டில் போகவில்லை. இரண்டாவதில்தான் போனது. மேஸ்திரி அந்த விரலைக் காலால் தள்ளி அண்டாவுக்குள் போட்டான். அதற்குள்ளேயும் அந்தக் கறுப்பு போகவில்லை, நான் எட்டிப் பார்த்தேன். கொழுந்தன் அன்றைக்கு ஊரைவிட்டுப் போனவன்தான், எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் கணக்கு ஒட்டினார்கள். முதலாளி ஜெயித்துவிட்டார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எங்கள் பூத்துக்கு மட்டும் என்ன விழுந்தது என்று பார்த்துவரச் சொல்லி சண்டி என்னை அனுப்பினாள். பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். எழுதிக்கொண்டும் வந்தேன். வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாய்லர்காரர் பாயில் படுத்திருந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. இரண்டு பேருக்கும் வேலை போயிருந்தது.

"படிக்கா."

"முதலாளிக்கு அறுநூத்திப் பன்னெண்டு."

"மத்தவனுக்கு?"

"சைபர்."

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன்டி. சைபர்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றுகூட நினைத்தேன், எனக்கும் சேர்த்து. அவள் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் குத்தினேன்க்கா. நல்லா அழுத்திக் குத்தினேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்டி."

"அடுத்த எலெக்‌ஷன் எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு இன்னும் ஒம்பது இருக்கு."

பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாய்லர்காரர் புரண்டு, நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குப் பத்தும் இருக்கு" என்றார்.

சண்டி அவரையே பார்த்தாள். பல் போன வாய் கொஞ்சம் கோணியது.

"பத்து இருந்து என்னய்யா பண்றது? உனக்குத்தான் சைக்கிள் ஓட்டவே தெரியாதே."

"பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.